காரைக்குடிப் பக்கம் பெரிய ஆலைகள் இல்லை. ஊர் மட்டும் எப்படி நகரமாகிறது?

கேள்வி: தேவகோட்டை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தேவகோட்டைக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். சென்ற வாரம் வளரும் நாடுகளின் நகரமயமாதல் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், எங்கள் அம்மாச்சி ஊரான கானாடுகாத்தானில் தெருத்தெருவாக அரண்மனை மாதிரி வீடுகள் இருக்கின்றன. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கின்றன. குடியிருக்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் இருக்கும் ஊரில் ஓட்டு வீடுகள்தான். ஆனால் வயலுக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். காலை ஏழரை மணிப் பேருந்தில் பாதி ஊர் காரைக்குடிக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டில் எது நகரம்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். யோசிக்க யோசிக்க எனக்கே ஐயங்கள் கூடுகின்றன. இயந்திரம் வந்தது, ஆலைகள் எழுந்தன, கிராமத்து மக்கள் வேலை தேடி வந்தார்கள், நகரம் பெருகியது என்ற வரிசையில்தான் நாம் காலங்காலமாகப் பாடம் நடத்திவருகிறோம். ஆனால் நம் பகுதியில் புதுவயல் அரிசி ஆலைகள் போன்ற சிலவற்றை விட்டால் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் ஆலைகள் இல்லை. அப்படியிருந்தும் நான் மாணவியாக இருந்தபோது பொட்டல் காடாகக் கிடந்த இடங்களிலெல்லாம் இன்று மனைப்பிரிவுகளும் மருத்துவமனைகளும் நகைக்கடைகளும் வந்துவிட்டன. காரைக்குடி இப்போது மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது.

எனவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். வளரும் நாடுகளின் நகரங்கள் பெருகுவதற்குக் கிராமத்திலிருந்து வருகிறவர்கள்தாம் முதன்மைக் காரணமா? தொழில்வளம் இல்லாமலே நகரம் வளர்வது எப்படி? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நம் முன்னோர்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

மறுமொழி: காரைக்குடி, ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நகர வளர்ச்சி வேறு, நகரமயமாதல் வேறு என்பதை முதலில் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டுங்கள். நகரத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை கூடினால் அது நகர வளர்ச்சி. நாட்டின் மொத்த மக்களில் நகரத்தில் வாழ்வோரின் பங்கு கூடினால்தான் நகரமயமாதல். நகரமும் கிராமமும் ஒரே வேகத்தில் பெருகினால் தெருக்களில் நெரிசல் எவ்வளவு கூடினாலும் நகரமயமாதல் ஒரு துளியும் நடக்கவில்லை என்றுதான் பொருள். இந்தியாவில் 1951இல் நகர்ப்புறத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 17 விழுக்காடு. 2011இல் 31 விழுக்காடு. அறுபது ஆண்டுகளில் இந்தப் பங்கு மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் 6 கோடியாக இருந்தது 37 கோடிக்கு மேல் ஆகிவிட்டது. நம் கண்ணில் படும் நெரிசல் எண்ணிக்கையால் வருவது. பாடநூல் பேசுவதோ பங்கைப் பற்றி. உங்கள் குழப்பத்தில் ஒரு பாதி இதனால் வந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து, நகரத்தில் கூடுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்வி. மூன்று வழிகள் உண்டு. ஏற்கெனவே நகரத்தில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன; வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து சேர்கிறார்கள்; கிராமமாக இருந்த ஊர் நகரம் என்று அறிவிக்கப்படுகிறது. பெரும்பாலோர் இரண்டாவதை மட்டுமே நினைக்கிறார்கள். மக்கள்தொகை அறிஞர் சாமுவேல் பிரெஸ்டன் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் நாடுகளின் நகரப் பெருக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முதல் வழியால், அதாவது இயற்கைப் பெருக்கத்தால் வந்தது என்று காட்டினார். இந்தியாவில் 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட நகரப் பெருக்கத்தில் மூன்றாவது வழியின் பங்கு மட்டும் 30 விழுக்காட்டை ஒட்டியது. அந்தப் பத்தாண்டில் கணக்கெடுப்பு நகரங்கள், அதாவது ஊராட்சியாகவே இருந்தாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்று எழுதப்படும் ஊர்கள், 1,362இலிருந்து சுமார் 3,900 ஆயின. அந்த ஊர்களில் பலவற்றில் யாரும் மூட்டைமுடிச்சுடன் எங்கும் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே நகரவாசிகள் ஆனார்கள்.

இங்கேதான் ஐரோப்பாவின் கதையும் நம் கதையும் பிரிகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லண்டனில் பிறந்தவர்களைவிட இறந்தவர்களே அதிகம். கெட்ட நீரும் தொற்றுநோயும் அப்படி ஆளை வாரிக்கொண்டு போயின. கிராமத்திலிருந்து தொடர்ந்து ஆட்கள் வராவிட்டால் அந்த நகரம் சுருங்கியே போயிருக்கும். 1851 கணக்கெடுப்பில் இங்கிலாந்தும் வேல்சும் பாதிக்கு மேல் நகரமயமாகியிருந்தன என்றால் அதற்கு ஆலையின் ஈர்ப்பு பெருங்காரணம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆசிய, ஆப்பிரிக்க நகரங்களின் நிலை அப்படியன்று. அம்மைத் தடுப்பும் பெனிசிலினும் மலேரியா ஒழிப்பும் ஆலைகளுக்கு முன்பே வந்து சேர்ந்தன. இறப்பு விகிதம் சில ஆண்டுகளிலேயே சரிந்தது. பிறப்பு விகிதம் குறைய ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. ஆகவே வெளியூரிலிருந்து ஒருவர்கூட வராமல் இருந்திருந்தாலும் நம் நகரங்கள் பெருகியே இருக்கும்.

வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதற்குப் பொருளியலில் இரண்டு புகழ்பெற்ற விளக்கங்கள் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954இல் சொன்னது முதலாவது. ஐந்து பேர் செய்ய வேண்டிய வயல் வேலையை எட்டுப் பேர் பகிர்ந்து செய்யும் நாட்டில், மூன்று பேர் வெளியேறினாலும் விளைச்சல் குறையாது. அந்த மூவரையும் தொழில்துறை சிறிதளவு கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொள்ளும் என்றார். இழுத்துக்கொள்ள ஆலை இருந்தால் இது பொருந்தும். ஆலையில் வேலை இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் ரயிலேறுகிறார்கள் என்ற கேள்விக்கு 1970இல் ஜான் ஹாரிசும் மைக்கேல் தொடாரோவும் விடை சொன்னார்கள். ஓர் எடுத்துக்காட்டாக, கிராமத்தில் நாளுக்கு 400 ரூபாய் கூலி என்றும் நகரத்தில் 900 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் தேடுகிற இருவரில் ஒருவருக்குத்தான் வேலை கிடைக்கும் என்றாலும், போகிறவர் மனத்தில் போடும் கணக்கு 450 ரூபாய். அது 400ஐவிடக் கூடுதல், எனவே புறப்படுகிறார். இதில் ஒரு கசப்பான விளைவு உண்டு. வேலையின்மையைக் குறைக்க வேண்டும் என்று நகரத்தில் மட்டும் புதிய வேலைகளை உருவாக்கினால், அந்தச் செய்தி கேட்டு இன்னும் பலர் வருவார்கள். வேலை தேடுவோர் எண்ணிக்கை முன்பைவிடக் கூடலாம். 1960களின் கென்யாவைக் கண்முன் வைத்துத்தான் அவர்கள் இதை எழுதினார்கள்.

நம் பகுதியைப் பொறுத்தவரை, போகிறவரைத் தள்ளும் காரணங்கள் உங்கள் மாணவர்களுக்கே தெரியும். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம், தூர்ந்துபோன வரத்துக் கால்வாய், பாகப்பிரிவினைக்குப் பின் ஆளுக்கு அரை ஏக்கர், விட்ட நிலத்தையெல்லாம் மூடிய சீமைக்கருவேலம். பள்ளிக்கூடத்தையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தத் தாயும் நாற்று நட அனுப்புவதில்லை, அனுப்பவும் கூடாது.

காரைக்குடி எப்படி வளர்ந்தது என்பதற்கு என் விடை சுருக்கமானது. கல்வியாலும் பேருந்தாலும் வெளியூர்ப் பணத்தாலும் வளர்ந்தது. இந்தியா விடுதலை பெற்றபோது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறக்கப்பட்டது. 1947இல் அழகப்பர் தொடங்கிய கல்லூரியைச் சுற்றி எழுந்த நிறுவனங்கள் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமாயின. மாணவர் வந்தால் விடுதி வரும், உணவகம் வரும், நகலகம் வரும், பேருந்து வழித்தடம் வரும். வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வருகிற வீடுகளுக்கு வங்கியும் நகைக்கடையும் மருத்துவமனையும் தேவைப்படும். ஆலைப்புகை இல்லாமலே நகரம் உருவாகும் வழி இது.

மறுமொழி: கல்லல்காரன், திருப்பூரிலிருந்து

ஐயா எழுதியதைப் படித்தபோது அந்த 450 ரூபாய்க் கணக்கில் என்னையே பார்த்தேன். போகிறவன் தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லலுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர் எங்களுடையது. 1996இல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு திருப்பூருக்கு வந்தேன். எனக்குத் திருப்பூரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் மாமா அங்கே இருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். எங்கள் தெருவிலிருந்து முதலில் போனவர் அவர். அவர் போனதால் அவர் தம்பி, தம்பி போனதால் பக்கத்து வீட்டு அண்ணன், அண்ணன் போனதால் நான். எங்கள் ஊரைவிடத் திருப்பூருக்கு அருகில் இருக்கும் எத்தனையோ ஊர்களிலிருந்து யாரும் வரவில்லை. கூலி வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இது விளங்காது. முதல் நாள் இரவு படுக்க ஓர் இடமும், கம்பெனி வாசலில் "நம்ம பையன்" என்று சொல்ல ஒரு வாயும் இருக்கிற ஊருக்குத்தான் ஆள் போவான்.

அந்த அறையை இன்றும் மறக்கவில்லை. பத்தடிக்குப் பத்தடி, எட்டுப் பேர். பகல் வேலைக்காரர்கள் நான்கு பேர், இரவு வேலைக்காரர்கள் நான்கு பேர் என்று இருந்ததால் பாய் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து படுப்பார். ஒரே மண்ணெண்ணெய் அடுப்பு. சுவரில் ஒரு நாட்காட்டி; அதில் யார் எந்த நாள் சமைத்தார், யார் எண்ணெய் வாங்கினார் என்று பென்சிலால் குறித்திருக்கும். கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்து, ஓவர்லாக் தையல் பழகி, டைலர் ஆக எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் ஊருக்குப் பணம் அனுப்ப முடியும். முதல் கம்பெனியில் எட்டு வாரச் சம்பளத்தைக் கொடுக்காமலே வாசலைப் பூட்டிவிட்டுப் போனார்கள். கேட்பதற்கு எங்களிடம் ஒரு சீட்டும் இல்லை, ஓர் அடையாள அட்டையும் இல்லை. வேலை கிடைப்பது வேறு, கிடைத்த வேலை நிலைப்பது வேறு என்பதை அன்று கற்றேன்.

திருப்பூர் தொழில்நகரம்தான். 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்புறத்தோடு சேர்த்து 9 லட்சத்து 60 ஆயிரம் பேர். ஆனால் இங்கே வேலை செய்பவர்களில் எத்தனை பேர் இந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். எனக்குக் குடும்ப அட்டை ஊரில், வாக்கு ஊரில், குலதெய்வம் ஊரில். செவ்வாய்ப் பொங்கலுக்கும் தேர்தலுக்கும் ஊருக்குப் போவேன். என் மனைவியும் மகளும் எட்டு ஆண்டுகள் ஊரில் இருந்துவிட்டு, மகள் ஆறாம் வகுப்பு வந்தபோதுதான் இங்கே வந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பா தொலைபேசியில் "எப்போ ஊருக்கு வர்றே?" என்றுதான் கேட்பார், "ஊர்" என்றால் இன்னும் அதுதான். இப்படி இரண்டு காலையும் இரண்டு இடத்தில் ஊன்றியிருப்பவர்களை நகரத்தவர் என்பதா, கிராமத்தவர் என்பதா என்பதையும் ஆசிரியை அவர்கள் மாணவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. அப்பாவின் நிலத்தை விட்டு நான் வந்ததால் சீமைக்கருவேலம் ஏறியதா, கருவேலம் ஏறியதால் நான் வந்தேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது, தரிசாகப் போட்டோம், மூன்றாம் ஆண்டு வெட்டிச் சீர்செய்ய ஆகும் செலவு விளைச்சலைவிட அதிகமாக இருந்தது. அதன் பிறகு அது கரிமூட்டக்காரருக்குத்தான் பயன்பட்டது.

மறுமொழி: இரண்டாம் கட்டு, சென்னை

ஆசிரியை அவர்களின் மூன்றாவது கேள்விக்கு நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். என் ஐயா ரங்கூனில் பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக)த் தொடங்கி மேலாளாக உயர்ந்தவர். நான் பிறந்தது பள்ளத்தூரில். வாழ்ந்தது எல்லாம் சென்னையில்.

ஆங்கிலேயர்கள் 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் காடு திருத்தப்பட்டு உலகத்துக்கு அரிசி அனுப்பும் வயலாயிற்று. அந்த உழவுக்குக் கடன் கொடுக்கப் போனவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள். அறுவடைக்கும் துறைமுக வேலைக்கும் போனவர்கள் தமிழ், தெலுங்கு உழைப்பாளிகள். 1931இல் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஆக ரங்கூன் என்ற நகரத்தின் நகரமயமாதலில் ஒரு பகுதி செட்டிநாட்டிலும் இராமநாதபுரத்திலும் விசாகப்பட்டினத்திலும் தொடங்கியது. வளரும் நாடுகளின் பெருநகரங்கள் பலவும் இப்படித் துறைமுகமாகப் பிறந்தவை என்பதை உங்கள் பாடத்தில் சேர்க்க வேண்டும். சென்னை, மும்பை, கொல்கத்தா, கொழும்பு, லாகோஸ் எல்லாம் ஒரே வார்ப்பு. உள்நாட்டுச் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுவரும் வகையில்தான் தண்டவாளங்கள் போடப்பட்டன. உள்நாட்டு ஊர்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக அவை போடப்படவில்லை. ஆட்சி மாறிய பிறகும் தலைமைச் செயலகமும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அதே ஊரில் இருந்ததால் முதலீடும் அங்கேயே போனது. 1970களில் மைக்கேல் லிப்டன் என்ற பொருளியல் அறிஞர் இதை நகரச் சார்பு என்று பெயரிட்டுக் கடுமையாக விமர்சித்தார். கிராமத்தில் விளைந்ததைக் குறைந்த விலைக்கு வாங்கி நகரத்துக்கு மலிவாக உணவூட்டும் அரசு, கிராமத்தானை நகரத்துக்குத் தள்ளுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அதில் உடன்பாடு உண்டு.

இனி அந்தக் கானாடுகாத்தான் வீடுகள். கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர் அங்கே தொழிலும் தங்கலும் ஒன்றான கிட்டங்கியில், ஒரு பெட்டியும் ஒரு பாயும் வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுக் கணக்கு முடியும்வரை இருந்தார். சம்பாதித்ததை ஊரில் போட்டார். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லைக் கதவுமாக இரண்டு தெருவை அளக்கும் வீடு, பர்மாத் தேக்கில் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், ஊருக்கு ஊருணி, ஊருணிக்கு நான்கு பக்கமும் படித்துறை. தெருக்கள் நேராக இருக்கின்றன என்று மாணவி சொன்னாளே, அது நேராக வகுக்கப்பட்டதுதான். மழைநீர் ஊருணியில் விழ வேண்டும் என்று வாட்டம் பார்த்து வகுத்தார்கள். நகரத்துக்கான கட்டடமும் ஒழுங்கும் நீர்த்திட்டமும் அங்கே வந்துவிட்டன. நகரத்தை நிறுத்தி வைக்கும் அன்றாட வேலை மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது.

அந்த வேலை அறுந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 25 விழுக்காடாயிற்று. விரும்பாமல் வந்த நிலம் அது. பர்மிய உழவரின் கோபத்தையும் கூடவே கொண்டுவந்தது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது பலர் கால்நடையாகவே திரும்பினார்கள். 1960களில் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையானதும் மிச்சமிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் செட்டிநாட்டில் தங்கினார்களா என்றால், பெரும்பாலோர் தங்கவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் புதிய தொழிலுக்கும் சென்னை, கோவை, மதுரை என்று பிரிந்தார்கள். எங்கள் வீட்டில் பங்காளிகள் பதினொரு புள்ளி (குடும்பம்), திறவுகோல் ஒருவரிடம், படைப்பு என்னும் முன்னோர் வழிபாட்டுக்கும் திருமணத்துக்கும்தான் கதவு திறக்கிறது. சென்ற படைப்பின்போது வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நின்று எண்ணிப் பார்த்தேன்: எழுபது பேர் சாப்பிட்டோம், மறுநாள் மாலை ஒருவரும் இல்லை.

ஆகவே அந்த மாணவியிடம் சொல்லுங்கள்: அவள் அம்மாச்சி ஊரில் பார்ப்பது, இன்னொரு நாட்டில் நடந்த நகரமயமாதலின் லாபத்தைக் கொண்டுவந்து கட்டிய ஊர்.

மறுமொழி: ஊராட்சிப் பணியாளர்

நிர்வாகத் தரப்பில் ஒரு சிறு சேர்க்கை. நம் நாட்டில் நகரம் என்பதற்கு இரண்டு வரையறைகள் உண்டு. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அரசு அறிவித்தவை ஒருவகை. மற்றொன்று கணக்கெடுப்பு நகரம். குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, முதன்மை உழைப்பாளிகளான ஆண்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கணக்கெடுப்புத்துறை அந்த ஊரை நகரம் என்று எழுதிக்கொள்ளும். ஊரை நடத்துவது மட்டும் ஊராட்சியாகவே இருக்கும். டென்மார்க்கில் 200 பேர் நெருங்கி வாழ்ந்தாலே நகரம். எனவே நாட்டுக்கு நாடு விழுக்காட்டை ஒப்பிடும்போது கவனம் தேவை.

அறிவிப்பதில் அரசுகள் பார்க்கும் கணக்கு வேறு. 2004இல் தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டன. கிராமங்களுக்கான மத்திய நிதியைப் பெறுவது அதன் நோக்கம். 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. இரண்டு முறையும் அந்த ஊர்களில் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை.

அதேபோல 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் அருகிலுள்ள ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டன. இப்படி ஓர் ஊராட்சி நகரத்தோடு சேர்கிறபோது நூறு நாள் வேலை நின்றுபோகும், வீட்டு வரி உயரும் என்பதுதான் மக்களின் முதல் அச்சம். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊராட்சியில் இணைப்புப் பேச்சு எழுந்தபோது, அறுபது வயதைக் கடந்த ஓர் ஆயா அலுவலகத்துக்கு வந்து தன் வேலை அட்டையை மேசைமேல் வைத்து, "இத வாங்கிக்கிட்டு எனக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்டார். சாலையும் விளக்கும் வரும் என்றேன். அவர் வீட்டுக்கு முன் சாலை ஏற்கெனவே இருந்தது. நகர்ப்புறத்துக்கு அதுபோன்ற வேலை உறுதித் திட்டம் ஒன்று முழுமையாக வந்தாலொழிய இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தேவகோட்டை ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. கல்லல்காரத் தம்பி, அந்த நாட்காட்டியைப் பற்றி வகுப்பில் படித்துக் காட்ட உங்கள் அனுமதி வேண்டும். ஐயா அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஆலை இல்லாத நகரமயமாதல் நம் பகுதிக்கு மட்டும் உரியதா, மற்ற வளரும் நாடுகளிலும் அப்படித்தானா?

காரைக்குடி, ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்

ஆப்பிரிக்காவில் அதுவே பெருவழக்கு. லாகோசில் 1950இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று ஒரு கோடிக்கு மேல். கின்ஷாசாவில் அன்று 2 லட்சம். இன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. அவ்வளவு பேருக்கும் வேலை தரும் ஆலைகள் அங்கே எழவில்லை. நைஜீரியாவில் எண்ணெய், காங்கோவில் கனிமம் என்று நிலத்தடியிலிருந்து வரும் வருவாய் தலைநகரிலும் துறைமுகத்திலும் செலவாகிறது. அந்தச் செலவைச் சுற்றிக் கடைகள், கட்டட வேலை, வண்டியோட்டம், வீட்டு வேலை என்று பிழைப்புகள் முளைக்கின்றன. செட்டிநாட்டுக்குப் பர்மாப் பணம் எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு எண்ணெய்ப் பணம். போரும் வறட்சியும் விரட்டி நகரத்துக்கு வந்தவர்களும் ஏராளம்.

அந்தப் பணம் நின்றால் நகரமயமாதல் பின்னோக்கியும் போகும். சாம்பியாவில் 1980இல் 40 விழுக்காடு மக்கள் நகரத்தில் இருந்தார்கள். செம்பு விலை வீழ்ந்து சுரங்கங்களில் ஆட்குறைப்பு வந்ததும், 2000க்குள் அது 35 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. நகரத்தில் பிழைக்க முடியாதவர்கள் உழுது சாப்பிடக் கிராமத்துக்குத் திரும்பினார்கள். இரண்டாம் கட்டு அவர்கள் சொன்ன பர்மா திரும்பல் நினைவுக்கு வருகிறது.

சீனம் மறுகோடி. அங்கே ஆலைகள்தாம் இழுத்தன. 1978இல் 18 விழுக்காடு, 2020இல் 64 விழுக்காடு. ஆனால் பிறந்த ஊரின் குடும்பப் பதிவு மாறாததால், நகரத்தில் உழைப்பவருக்கு அந்நகரத்தின் பள்ளியும் மருத்துவமும் எளிதில் கிடைப்பதில்லை. கல்லல்காரர் சொன்ன குடும்ப அட்டைச் சிக்கல் அங்கே சட்டமாகவே இருந்தது. இந்தியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2011இலேயே 48 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தவர். சிவகங்கை மாவட்டத்தில் 31 விழுக்காட்டை ஒட்டி. 1972க்குப் பிறகு அரசுப் பேருந்துகள் சிற்றூர்வரை ஓடத் தொடங்கியதால் நம்மவர் பலர் குடிபெயராமல் நகரத்தில் உழைக்கிறார்கள். அந்த மாணவியின் ஏழரை மணிப் பேருந்து இதற்கு நல்ல சான்று.

ஐ.நா. 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2050க்குள் இந்திய நகரங்களில் இன்னும் 41 கோடிக்கு மேற்பட்டவர்கள் கூடுவார்கள். அவர்களில் பெரும்பங்கினர் டெல்லிக்கோ மும்பைக்கோ போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. காரைக்குடி, தேவகோட்டை அளவிலான ஊர்களில்தான் அந்தச் சுமை இறங்கும். குடிநீரையும் கழிவுநீரையும் இப்போதே திட்டமிடாவிட்டால் ஊருணிகளே சாக்கடை ஆகிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு.

தேவகோட்டை ஆசிரியை

இன்று வகுப்பில் அந்த 75 விழுக்காட்டுச் சோதனையை அவரவர் தெருவில் செய்து பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் என்ன வேலை செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று மூன்று கட்டங்கள். கேள்வி கேட்ட அதே மாணவி மாலையில் தொலைபேசியில் அழைத்தாள். அவள் தெருவில் 22 வீடுகள். அவற்றில் 19இல் வயல் வேலைக்குப் போகிற ஆண் ஒருவரும் இல்லை. அவளுக்கு ஒரு சந்தேகம். அவள் அண்ணன் திருப்பூரில் இருக்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருகிறார். அவரை இந்தத் தெருவில் எழுதுவதா, விட்டுவிடுவதா என்று கேட்கிறாள்.

கல்லல்காரன்

கணக்கெடுப்பு நடக்கும் நாள்களில் அவர் திருப்பூரில் தங்கியிருந்தால் அங்கேதான் எழுதுவார்கள் அம்மா. என்னையும் 2011இல் இங்கேதான் எழுதினார்கள். ஆனால் பாப்பாவை மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள்: "வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" அண்ணன் பெயரை அங்கே எழுதட்டும். நாட்காட்டியைத் தாராளமாகப் படித்துக் காட்டுங்கள்.